டிசம்பர் லீவு, தனி ஆள், நான்கு ஊர்கள்

கேள்வி: எனக்கு வயது 34. டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை லீவு கிடைத்திருக்கிறது. முதன்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். வியட்நாமின் ஹோய் ஆன், பாலி, தாய்லாந்தின் கோ சமுய், ஜப்பானின் ஹொக்கைடோ என நான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இதில் எது நல்லது, தனியாகப் போகும் பெண்ணுக்கு எது பாதுகாப்பு? அம்மா வேறு பயந்துகொண்டே இருக்கிறார்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: நான்கும் வேண்டாம். நான்குமே நல்ல இடங்கள்தான், உங்கள் தேதிகளுக்குத்தான் பொருந்தவில்லை. நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட படங்கள் எந்த மாதத்தில் எடுத்தவை என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு மழை தருகிற வடகிழக்குப் பருவக்காற்று நம்மோடு நின்றுவிடுவதில்லை. தென்கிழக்கு ஆசியாவில் கிழக்கைப் பார்த்த கரை எதுவானாலும் அந்தக் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே கொட்டுகிறது. வியட்நாமின் நடுப்பகுதி அப்படிப்பட்ட கரை, பின்னால் மலைத்தொடர் வேறு. அக்டோபர், நவம்பரில் தூ போன் ஆறு பெருகி ஹோய் ஆன் பழைய நகரத் தெருக்களில் படகு விடுவது அங்கே வழக்கமான காட்சி. டிசம்பரில் வெள்ளம் குறைந்தாலும் தூறலும் மேகமூட்டமும் நீடிக்கும். கோ சமுய் தாய்லாந்து வளைகுடாவில், நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அதற்கும் அதே கதைதான். மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவுகளில் இந்த மாதங்களில் பெரும்பாலான விடுதிகளைப் பூட்டியே விடுகிறார்கள். இலங்கையிலும் கிழக்கே திருகோணமலைப் பக்கம் மழை பெய்யும்போது தெற்குக் கரை ஊர்களான காலியிலும் மிரிஸ்ஸவிலும் வெயில் அடிக்கும். பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே காற்றின் திசை வேறு, ஆனால் முடிவு ஒன்றுதான்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி அங்கே மழைக்காலம். ஆக உங்கள் நான்கில் மூன்று குடைக்குள் போய்விடும்.

குடும்பத்தோடு போனால் மழை நாளில் அறைக்குள் சீட்டு விளையாடிப் பொழுதைத் தள்ளிவிடலாம். தனியாகப் போய் மூன்று நாள் மழையில் அடைபட்டால் நான்காம் நாள் வீட்டுக்கு டிக்கெட் பார்க்கத் தோன்றும். அதனால்தான் தனியாகப் போகிறவர் மற்றவர்களைவிடக் கறாராகப் பருவநிலையைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஹொக்கைடோ விஷயம் வேறு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரம் ஏற்றிக்கொண்டு வந்து சப்போரோவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பனி கொட்டுகிறது, அது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் நீங்கள் போகும் நாட்களில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதற்கப்புறம் தனியாக, சறுக்கும் நடைபாதையில், பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரில், தினமும் ஒரு நீண்ட மாலையை ஓட்ட வேண்டும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பான் முழுக்கப் புத்தாண்டு விடுமுறை. அருங்காட்சியகங்களும் சிறிய உணவகங்களும் பல மூடியிருக்கும், அறை வாடகை உச்சத்தில் இருக்கும். வெந்நீர் ஊற்று உள்ள பாரம்பரிய விடுதிகளில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்றே கணக்குப் போடுவார்கள், ஒற்றை ஆள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் தரவே மாட்டார்கள். பனிதான் ஆசை என்றால் இன்னொரு வருடம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போங்கள். சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரி ஆரம்பத்தில் நடக்கும், 1950இல் பள்ளி மாணவர்கள் ஒடோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்து வைத்ததில் தொடங்கியது அது.

சரி, எங்கேதான் போவது? என் பதில் சியாங் மாய், வடக்குத் தாய்லாந்து.

இடத்தை எடைபோட நான் பார்ப்பது மூன்று: ஒற்றை ஆளுக்கு அங்கே இரவுச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது, அறை எப்படிக் கிடைக்கிறது, வண்டி எப்படிக் கிடைக்கிறது. அழகை எல்லாரும் எழுதுகிறார்கள், இதை யாரும் எழுதுவதில்லை.

டிசம்பரில் சியாங் மாயில் மழை கிட்டத்தட்ட இல்லை. பகலில் இதமான வெயில், இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். 1296இல் மெங்ராய் மன்னர் அமைத்த ஊர். சுற்றிலும் அகழி, உள்ளே சதுரமான பழைய நகரம், ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். வழி தவறினாலும் ஏதாவது ஒரு திசையில் நடந்தால் அகழிக்கு வந்துவிடுவீர்கள், முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனால்தான் தெரியும். ஒற்றை ஆள் தங்கும் அறையும், பெண்களுக்கு மட்டுமான பொது அறை உள்ள ஹாஸ்டலும் பழைய நகரத்துக்குள்ளேயே கிடைக்கும்.

சாப்பாடு? மாலையானால் வடக்கு வாசலான சாங் புவாக் பக்கம் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கிண்ணம், ஒரு ஆள், அவ்வளவுதான், உங்களோடு யார் வந்தார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். காவ் சொய் என்கிற தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ் ஒருவருக்கென்றே அளந்தது போல வரும், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் சின்ன வெங்காயம், எலுமிச்சை, ஊறவைத்த கடுகுக்கீரை. பெரும்பாலும் கோழி போட்டதுதான். நீங்கள் சைவமென்றால் "ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் கடைகளைத் தேடுங்கள். வெறுமனே கறி வேண்டாம் என்றால் மீன் சாஸ் ஊற்றித்தான் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தா பே வாசலிலிருந்து உள்ளே நீளும் தெருவை வண்டிகளுக்கு மூடிவிட்டுச் சந்தை போடுகிறார்கள், வழியிலுள்ள கோவில் முற்றங்களிலேயே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும்.

போக்குவரத்துக்குச் சிவப்பு சொங்தேவ் இருக்கிறது, பின்பக்கம் இரண்டு நீள இருக்கை போட்ட பிக்கப் வண்டி. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி தலைக்கு இவ்வளவு என்று காசு. மலைமேல் இருக்கும் தோய் சுதேப் கோவிலுக்கும் ஆள் சேர்ந்ததும் கிளம்பும், முழு வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டாம். பாங்காக்கிலிருந்து வருவதற்கு இரவு ரயில் உண்டு, ஏறக்குறைய 12, 13 மணி நேரம். முதல் வகுப்பை எடுக்காதீர்கள், அது இரண்டு பேர் படுக்கும் மூடிய அறை. இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு படுக்கைக்கும் திரை இருக்கிறது, கீழ்ப்படுக்கை அகலமாக இருக்கும், சில ரயில்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே தனிப்பெட்டி உண்டு. ஆனால் புத்தாண்டுக்குத் தாய்லாந்துக்காரர்களும் ஊருக்குக் கிளம்புவார்கள், ஆகவே ரயில் இடத்தை இப்போதே போட்டுவிடுங்கள். பிப்ரவரிக்குத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்க வேண்டாம், அப்போது வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை தொடங்கிவிடும், ஏப்ரல் வரை மூச்சு முட்டும்.

கடல் வேண்டுமே என்பீர்கள். அப்படியென்றால் கடைசி நான்கு நாட்களை மேற்குக் கரையில், கிராபியில் வையுங்கள். அந்தமான் கடலைப் பார்த்த அந்தப் பக்கம் டிசம்பர் கடைசியில் நன்றாக இருக்கும். ஆவ் நாங் கரையிலிருந்து ரைலேவுக்குப் போகும் நீளவால் படகுகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும், தலைக்குத்தான் டிக்கெட். புத்தாண்டு நேரத்தில் அறை விலை ஏறும், அதையும் முன்பே பிடித்துவிடுங்கள்.

பாதுகாப்பைக் கேட்டீர்கள். தனியாகப் போகும் பெண் எங்கேயும் எடுக்கும் கவனத்தை இங்கேயும் எடுங்கள்: புது ஊருக்குப் பகலில் போய்ச் சேருவது, இரவில் செயலி வழியாக டாக்சி கூப்பிடுவது, குடிக்கும் பானத்தைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது வாடகை ஸ்கூட்டருக்குத்தான். கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுவார். இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் காசு தராது, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில். புத்தாண்டை ஒட்டிய ஒரு வாரத்தைத் தாய்லாந்தில் "ஏழு அபாய நாட்கள்" என்று பெயரிட்டு, சாலை விபத்துகளையும் சாவுகளையும் தினமும் எண்ணி அரசே அறிவிக்கிறது. உங்கள் லீவின் கடைசி நாட்கள் சரியாக அந்த வாரத்தில்தான் இருக்கின்றன. ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். மே ஹோங் சோன் மலைப்பாதை வளைவுகளைப் பார்க்க ஆசையென்றால் மினி வேனில் ஒரு இருக்கை போடுங்கள்.

அம்மாவிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. எந்தத் தேதியில் எந்த விடுதி, அதன் தொலைபேசி எண், ரயில் எண், விமான எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தினமும் இந்திய நேரம் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லுங்கள், அங்கே அப்போது ஒன்பதரை, நீங்கள் சாப்பிட்டு அறைக்குத் திரும்பியிருப்பீர்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் தூதரக இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். தாய்லாந்து இப்போது வருகைப் படிவத்தை ஆன்லைனிலேயே கேட்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.