சீப்புக்கு விடுமுறை: வாசகர் கேள்வி பதில்

பதினோரு வருடமாகச் சீப்பு தொடாமல் சடை வளர்க்கிறேன் என்று போன இதழில் எழுதியதும் கடிதங்கள் வந்துவிட்டன. பின்னுகிற சடை இல்லை, முடி சிக்குப் பிடித்துத் திரிதிரியாகத் தொங்குமே, ட்ரெட்லாக்ஸ் என்கிறார்களே, அந்தச் சடை. பாதி திட்டு. மீதியில் நாலு இங்கே.

வயது 24, நேரான முடி. சீப்பை விட்டு நாலு மாதம் ஆகியும் பிடரியில் மட்டும்தான் சிக்கு விழுந்திருக்கிறது. மெழுகு தடவினால் சீக்கிரம் ட்ரெட்லாக்ஸ் பிடிக்குமாமே? (வேளச்சேரி வாசகர்)

வேண்டாம் தம்பி. நான் தடவிப் பார்த்தவள். பாரிமுனையில் தேன்மெழுகு வாங்கி, உருக்கி, காதோரம் ஆறு திரிகளில் பூசினேன். ஏப்ரல் மாதம். அண்ணா சாலையில் இரண்டு நாள் போய்வந்ததும் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. ஷாம்புவுக்கு மெழுகு அசையவில்லை. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வெந்நீர் ஊற்றினால் மெழுகுக்கு முன்னால் தலைத்தோல் கழன்று வந்துவிடும். ஆறு திரிகளையும் வெட்டித்தான் எடுத்தேன்.

பிடரி தலையணையிலும் காலரிலும் உரசுகிறது, அதனால் அங்கே முதலில் சிக்கு விழுகிறது. சுருட்டை முடிக்குச் சில மாதங்களில் நடப்பது, நேர் முடிக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட இழுக்கும். தினம் 50 முதல் 100 முடி யாருக்கும் உதிரும். சீப்பில் வரவேண்டிய அந்த முடி உள்ளேயே தங்கி, மற்றதைச் சுற்றிக் கட்டுகிறது. உங்கள் வேலை ஒன்றுதான். குளித்துக் காய்ந்ததும், ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும் திரிகளை வேர்ப்பக்கத்தில் விரலால் பிரித்துவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் பின்தலை முழுக்க ஒரே வரட்டியாக அடைந்துவிடும். குரோஷா ஊசியால் குத்திக் குத்தி இறுக்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முடி உள்ளுக்குள் அறுந்துபோகும். இன்னொன்று, நீளம் குறையும். தோள்வரை இருந்தது காது மடலுக்கு ஏறும். பயப்படாதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் மகள், தலைக்குக் குளித்தால் சடை அவிழ்ந்துவிடும் என்று மாதம் ஒருமுறைதான் குளிக்கிறாள். பக்கத்தில் போனாலே வாடை. பேன் வேறு வருமோ என்று பயம். (ஒரு தாய், பெரம்பூர்)

அம்மா, இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் பக்கம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி வழுக்கும், வழுக்கும் முடி சடை பிடிக்காது. வாரம் ஒருமுறையாவது குளிக்கட்டும், மே மாதத்தில் இரண்டுமுறை. சீப்பை விடச் சொன்னார்களே தவிர, தண்ணீரை யார் விடச் சொன்னது?

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? அப்படியென்றால் கட்டிச் சோப்பு கூடவே கூடாது. கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படியுமே, அந்த வெள்ளைப் பிசுக்காக மாறும். திரிக்குள் போனால் லேசில் வராது. ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்துத் தலைத்தோலில் ஊற்றித் தேய்க்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். சீயக்காய் தாராளமாகப் போடலாம், ஆனால் தூளாக வேண்டாம். காயை வேகவைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீர் போதும். தூள் உள்ளே மாட்டினால் மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

குளிப்பதைவிட முக்கியம் காயவைப்பது. மூன்றாம் வருடம், நவம்பர் மழை. வேலைவிட்டு வந்து ராத்திரியில் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டுத் தூங்கினேன், அதுவும் வாரக்கணக்கில். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட் பெண் மூக்கைச் சுளித்தாள். வீட்டுக்கு வந்து, பிடரியில் இருந்த தடித்த திரியின் நுனியை வெட்டிப் பிளந்து பார்த்தேன். வெளியே மொரமொரவென்று காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஈரம், மூட்டையில் நாட்பட்ட துணியின் வாடை. அன்றிலிருந்து காலையில்தான் குளியல். திரி திரியாகப் பிழிந்து, ஈரிழைத் துண்டால் ஒற்றி, மொட்டைமாடி வெயில். மழை நாளில் ஃபேனுக்கு முதுகைக் காட்டி இரண்டு மணி நேரம். சாம்பிராணி போட்டால் வாடை மறையும், உள் ஈரம் போகாது. டர்க்கி டவலும் வேண்டாம், அதன் பஞ்சு திரிக்குள் வெள்ளை வெள்ளையாகத் தங்கும். மல்லிப்பூ ஆசை இருந்தால் வாழைநாரைக் கவனித்து எடுக்கச் சொல்லுங்கள்.

பேன் எந்தத் தலைக்கும் வரும். சடைக்குள் பேன் சீப்பு ஓடாது என்பதுதான் சிக்கல். தோல் மருத்துவரிடம் போங்கள், மண்ணெண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

68 வயது அத்தை காய்ச்சலில் நெடுநாள் படுத்தபோது பின்தலையில் சடை விழுந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள், வெட்டக்கூடாது என்கிறார்கள். அத்தைக்கோ கழுத்து வலி. (மயிலாப்பூர் வாசகர்)

கபாலீஸ்வரர் கோயில் வாசலில் ஒரு பாட்டி என் திரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிவன் தலையில் பார்த்துப் பழகிய சடை, மனிதத் தலையில் கண்டாலும் கை கூப்பத் தோன்றுகிறது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்து, வியர்த்து, உரசி, சீவாமல் விட்டால் எந்த முடியும் அப்படித்தான் ஆகும்.

முதலில் சடைக்கு அடியில் தோலைப் பாருங்கள். புண், கசிவு, அரிப்பு இருந்தால் மருத்துவர்தான். அடுத்து, அத்தையிடம் தனியாகக் கேளுங்கள், சுற்றி யாரும் நிற்காதபோது. அவருக்கே எடுத்துவிட வேண்டும் என்றிருந்தால், சமயபுரத்திலோ திருப்பதியிலோ காணிக்கையாக முடி இறக்கலாம். சாமிக்கே கொடுத்தது என்றால் வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

கொண்டை போட்டால் ஹெல்மெட் ஏறவில்லை. (தாம்பரம் வாசகி)

உச்சியில் போடாமல் பிடரிக்குக் கீழே தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பெரிய சைஸ் ஹெல்மெட் வாங்காதீர்கள், ஆடுகிற ஹெல்மெட் விழும்போது கூடவே நிற்காது. இறுக்கிக் கட்டினால் காதோர முடி கொட்டும். ஈரத்தலையோடு ஹெல்மெட் போடுவதா? பெரம்பூர் பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.