ஓங்கில் வாலில் வலைத்துண்டு: வழக்கு வருமா?

கேள்வி: திருவொற்றியூர் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். வஞ்சிரத்துக்கு விட்ட வலையில் ஓங்கில் (டால்பின்) ஒன்று மாட்டி இறந்துவிட்டது. வாலில் சுற்றிய வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டோம். மறுநாள் அது எண்ணூர் பக்கம் கரை ஒதுங்க, வனத்துறையினர் விசாரிக்கிறார்கள். என் மீது வழக்கு வருமா? கிழிந்த வலைக்கு இழப்பீடு உண்டா? மீனையெல்லாம் தின்று தீர்க்கும் ஓங்கிலை வெடி போட்டு விரட்டினாலும் குற்றமா?

பதில்: ஓங்கில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் உயிரினங்களின் பட்டியலில், உள்ள விலங்கு. அதை வேட்டையாடியது நிரூபிக்கப்பட்டால், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறையும், ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். வலையில் தற்செயலாக மாட்டியதற்கு இச்சட்டம் வெளிப்படையான விலக்கு எதையும் தரவில்லை என்பது உண்மைதான். ஆனால் 'வேட்டை' என்பதற்கு 2(16) பிரிவு அடுக்கும் கொல்லுதல், பொறிவைத்தல், கண்ணிவைத்தல் போன்றவை பொதுவாக விலங்கைக் குறிவைத்துச் செய்யும் செயல்கள் என்பதால், வஞ்சிரத்துக்கு விட்ட வலையை அந்த வரையறைக்குள் கொண்டுவர முடியாது என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்த வாதம் நிற்பதும் விழுவதும் சம்பவத்துக்குப் பின் நீங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது.

உங்கள் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. வனவிலங்கோ அதன் உடலோ ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. உடலைக் கரைக்குக் கொண்டுவரவே இல்லை, ஆகவே அது என் வசம் இருக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனினும் வாலில் தங்கிய வலைத்துண்டு உங்கள் வலையோடு பொருந்திவிட்டால், மௌனமாக இருந்தது மறைத்ததாகவே பார்க்கப்படும். மீதி வலையை எரித்துவிடலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அப்படிச் செய்தால் தடயத்தை அழித்த குற்றமும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 238-ஆம் பிரிவின் கீழ் சேரும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, வலைக்கு உரிமையாகக் கோருவதற்கு இச்சட்டத்தில் பிரிவு இல்லை. மகாராஷ்டிர அரசு, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வலையை அறுத்து உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு ரூ.25,000 வரை தருகிறது; அது அந்த அரசின் திட்டம், சட்டத்தின் கட்டளையன்று.

வெடியை நினைத்தும் பார்க்காதீர்கள். காயப்படுத்துவதும், பிடிக்க முயல்வதும்கூட வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல 11-ஆம் பிரிவு அனுமதிப்பது, அது மனித உயிருக்கு ஆபத்தானதாகவோ மீள முடியாத நோயிலோ ஊனத்திலோ இருக்கும்போது மட்டுமே, அதுவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல உத்தரவோடு. இரண்டாம் அட்டவணை விலங்குக்குப் பயிரையும் சொத்தையும் காரணம் காட்டலாம். ஓங்கிலுக்கு அந்தப் பேச்சே எழாது. மீன் குறைகிறது என்ற உங்கள் முறையீட்டை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதற்குரிய சட்டம் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடையும், மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் பெரிய வலையான சுருக்குமடிக்கான தடையும் அதன் வழியே வந்தவை. சுருக்குமடிக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்ததுகூட 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள். அந்த எல்லைக்குள் யாரேனும் மடி வளைத்தால், நாள், நேரம், படகு எண்ணோடு மீன்வளத்துறைக்கு எழுதுங்கள். அதில் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது.

இப்போதைக்கு, படகுப் பதிவுச் சான்று, மீதி வலை, அன்று உடன் வந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு வழக்கறிஞர் ஒருவரை நாளையே பாருங்கள். வனச்சரக அலுவலரிடம் எழுத்துமூல விளக்கம் தருவதற்கு முன்பே, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 482-ஆம் பிரிவின் கீழ் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.