குலுக்கிப் பார்த்துவிட்டு டேப் ஒட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஆடி எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள் ஆவணி பிறந்ததும் வீடு மாற மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். உடையும் சாமான்களைப் பற்றித்தான் கடிதங்கள் அதிகம். அவற்றில் ஏழுக்கு இங்கே பதில்.

போன முறை வீடு மாறியபோது பீங்கான் தட்டு ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, பன்னிரண்டையும் அடுக்கித்தான் வைத்தேன். பெட்டி கீழே விழவே இல்லை. ஆனாலும் அடியில் இருந்த மூன்று தட்டுகள் இரண்டாகப் பிளந்திருந்தன. எங்கே தவறு?
– வாசகி, திருச்சி

சுற்றியதில் தவறில்லை, படுக்க வைத்ததில்தான். பீங்கான் நசுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. தட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வளையமாக ஒரு விளிம்பு இருக்கும். படுக்க வைத்த தட்டைத் தாங்குவது அந்த வளையம் மட்டும்தான். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள பதினொரு தட்டுகளின் கனமும் கடைசித் தட்டை வளைக்கப் பார்க்கிறது. அதனால்தான் அடியில் இருப்பவை மட்டும் போகின்றன, அதுவும் சிதறாமல் நேர்கோடாகப் பிளக்கின்றன.

தட்டுகளை நூலக அலமாரிப் புத்தகம்போல் நிற்க வையுங்கள். அப்போது அதிர்ச்சி தட்டின் விளிம்பு வழியாக இறங்கிவிடும், வளைப்பதற்கு எதுவும் இல்லை. 10 அங்குலத் தட்டுக்கு 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி, உள்ளளவு 14 அங்குலமாவது வேண்டும், சுற்றிலும் 2 அங்குலம் மெத்தை போடுவதற்காக. முதலில் பெட்டியின் அடிமூட்டில் பழுப்பு டேப்பை நீளவாக்கில் இரண்டு வரிசை ஒட்டி, இரு ஓரங்களிலும் குறுக்கே ஒட்டுங்கள். நான்கு மடிப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடுவது புத்தகத்துக்கே போதாது, பீங்கானுக்குச் சொல்லவே வேண்டாம். பிறகு கசக்கிய பேப்பர் உருண்டைகளை நெருக்கமாகப் பரப்புங்கள். கையால் அழுத்தினால் 2 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு தட்டையும் இரண்டு தாளில் சுற்றி, ஆறு நிறுத்தி, நடுவே ஓர் அட்டைத் துண்டு, அப்புறம் அடுத்த ஆறு. பக்கங்களிலும் மேலேயும் மறுபடி பேப்பர். பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமான பெட்டியை யாரும் இறக்கி வைப்பதில்லை, போடுகிறார்கள்.

மூடுவதற்கு முன் பெட்டியை இரு கையாலும் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். உள்ளே ஒரு சத்தம் கேட்டாலும் வேலை முடியவில்லை. பெரும்பாலான சாமான்கள் வெளியிலிருந்து அடிபட்டு உடைவதில்லை, உள்ளே நகர இடமிருப்பதால் ஒன்றையொன்று மோதி உடைகின்றன.

தினசரி பேப்பரிலேயே சுற்றலாமா? மை ஒட்டுமா?
– வாசகர், விருதுநகர்

பளபளப்பான மேற்பூச்சில் ஒட்டினாலும் கழுவினால் போய்விடும். பூச்சு இல்லாத இடங்களில், அதாவது கோப்பையின் அடிவளையம், மண் பாத்திரம், வெள்ளை பொம்மை ஆகியவற்றில் ஊறினால் போகாது. அவற்றுக்கு முதல் சுற்று அச்சடிக்காத வெள்ளைத் தாள், அதன்மேல் செய்தித்தாள். இடைவெளி நிரப்ப எதுவானாலும் சரி. வைக்கோல் மட்டும் வேண்டாம். ஈரம் இழுக்கும், பூச்சியும் கூடவே குடிவரும்.

மயிலாடுதுறையிலிருந்து பெங்களூருக்கு மாறுகிறோம். மாமியார் காலத்துக் கொலு பொம்மைகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் மண், சில காகிதக்கூழ். பேக்கர்ஸ் ஆட்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.
– வாசகி, மயிலாடுதுறை

கொடுக்காதீர்கள். அவர்கள் பொம்மையை நேராகப் பபிள் ஷீட்டில் சுற்றி இறுக்கி டேப் போடுவார்கள். அதில் இரண்டு கெடுதல். மூடிய லாரிக்குள் வெயிலில் வர்ணம் இளகினால் குமிழ்களின் வட்ட வட்டமான தடம் கன்னத்தில் விழுந்துவிடும். இறுக்கம், நீட்டிக்கொண்டிருக்கும் கைவிரலையோ புல்லாங்குழலையோ ஒடித்துவிடும்.

முதலில் எல்லாவற்றையும் படியில் வைப்பதுபோல் வரிசையாக வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒடிந்தது எது என்று பிறகு குழப்பம் வராது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. கழற்றக்கூடிய வேல், குடை, வில் எல்லாவற்றையும் கழற்றி, அந்தந்தப் பொம்மையின் பெயர் எழுதிய சிறு கவரில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள்.

இனி ஒரு வேணுகோபாலனை எடுத்துக்கொள்வோம். உடையும் இடங்கள் கழுத்து, குழல், குழலைப் பிடித்த விரல்கள், பின்னால் நிற்கும் பசுவின் கொம்பு. குழலுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் பஞ்சையோ டிஷ்யூ தாளையோ மெதுவாக வைத்து, குழலின் மட்டத்துக்கு வரும்வரை நிரப்புங்கள். தலைக்கும் தோளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தையும் அப்படியே. நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லாமல் பொம்மை ஒரு கொழுக்கட்டைபோல் ஆனபிறகுதான் சுற்ற வேண்டும். முதல் சுற்று, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணி. பூத்துண்டு வேண்டாம், அதன் நூல் வளையங்கள் விரல் நுனியிலும் ஜரிகைக் கல்லிலும் மாட்டி, பிரிக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். அதன்மேல் பேப்பர், அதற்கும் மேல் வேண்டுமானால் பபிள் ஷீட். டேப் அந்த பபிள் ஷீட்டின் மேல்தான் படவேண்டும்.

மண் பொம்மை நின்ற வாக்கிலேயே போகட்டும். பீடம்தான் கனம், படுக்க வைத்தால் அந்தக் கனம் முழுவதும் கழுத்தில் நெம்பும். ஓர் அடிக்கு மேற்பட்டதற்குத் தனிப் பெட்டி. செட்டியார், பழக்கடை போன்ற சின்னச் சின்னவற்றுக்கு முட்டை அட்டை கச்சிதமாக இருக்கும். காகிதக்கூழ் பொம்மை கீழே விழுந்தாலும் தப்பிக்கும், ஆனால் மண் பொம்மை அதன்மேல் சாய்ந்தால் குழி விழும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். செட்டைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வைத்து மேலே எண்ணிக்கையோடு எழுதுங்கள்: ‘தசாவதாரம் 10’. வாமனர் மட்டும் தனியாகப் போய், புரட்டாசியில் வீடு முழுக்கத் தேடுகிற வேலை மிச்சம்.

பிரிக்கும்போது தரையில் பாய் விரித்து, பீடத்தைப் பிடித்து எடுங்கள், தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். சுற்றிய துணியை உதறாமல் மடியில் விரித்துப் பாருங்கள். ஒடிந்த விரல் அதில்தான் இருக்கும். மண் விரலை ஃபெவிகால் பிடித்துக்கொள்ளும், துண்டு கையில் இருந்தால்.

கண்ணாடி போட்ட தஞ்சாவூர் ஓவியம், 2 அடிக்கு 3 அடி. கண்ணாடிமேல் குறுக்கே டேப் ஒட்டினால் உடையாது என்கிறார்களே?
– வாசகர், கும்பகோணம்

டேப் ஒட்டினாலும் உடைகிற கண்ணாடி உடையும். டேப்பின் வேலை வேறு. பலகைமேல் ஒட்டிய துணியில் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்து புடைப்பாக எழுப்பி, அதன்மேல் தங்கத் தாள் ஒட்டிய வேலைப்பாடு இது. உடைந்த சில்லு உள்ளே விழுந்து வழி முழுக்க உரசினால் தங்கம் போய்விடும். சில்லுகளை விழாமல் பிடித்துவைக்கத்தான் டேப். ஆகவே பெயருக்கு ஒரு பெருக்கல் குறி போட்டால் போதாது. மாஸ்கிங் டேப்பை மூலைக்கு மூலையும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டுங்கள். பழுப்பு டேப் பசையை விட்டுவிட்டுப் போகும். எந்த டேப்பும் சட்டத்தின் பொன்பூச்சில் படக்கூடாது, உரிக்கும்போது பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டிருந்தால் டேப்பே தேவையில்லை. அது சிதறாது, கீறல்தான் விழும்.

பின்பக்கத்துக் கொக்கியையும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். நான்கு மூலைக்கும் அட்டையை மடித்துத் தொப்பி போடுங்கள், விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது மூலைதான். வெள்ளைத் தாள் அல்லது பருத்தித் துணி ஒரு சுற்று, பிறகு பபிள் ஷீட், பிறகு படத்தைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிதான இரண்டு 5 பிளை அட்டைகளுக்கு நடுவே வைத்து ஓரங்களை ஒட்டுங்கள். வண்டியில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். பல படங்கள் இருந்தால் முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. இல்லாவிட்டால் ஒன்றின் கொக்கி அடுத்ததன் கண்ணாடியைக் குத்தும். போய்ச் சேர்ந்த அன்றே பிரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக்குக்குள் வியர்த்த ஓவியத்தில் புடைப்பு வேலை உப்பிக்கொண்டு எழும்.

டைனிங் டேபிள் கண்ணாடிக்கும் பீரோ கண்ணாடிக்கும் இதே நிறுத்தும் விதிதான். பெரிய கண்ணாடியைப் படுக்கைவாட்டில் இரண்டு பேர் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் தொய்ந்து விரிசல் விடும். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி, முகத்தில் அடித்தால் தாங்கும், ஓரத்தில் சின்னக் கல் பட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். வெறும் சிமெண்ட் தரையில் அதை ஊன்றாதீர்கள். கீழே மரச்சட்டமோ மடித்த சாக்கோ கட்டாயம்.

43 அங்குல டி.வி. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டோம். இப்போது என்ன செய்வது?
– வாசகர், சேலம்

டி.வி.யின் எதிரி அடியல்ல, அழுத்தம். திரை மெல்லிய கண்ணாடி. நடுவில் ஒரு மூட்டையின் முடிச்சு அழுந்தினாலே போதும், வெளியே கீறல்கூடத் தெரியாது, போட்டுப் பார்த்தால் கறுப்புத் திட்டு இருக்கும்.

காலையோ சுவர் பிராக்கெட்டையோ கழற்றி, திருகாணிகளையும் ரிமோட்டையும் ஒரே கவரில் போடுங்கள். ஒயர் இணைப்புகளைக் கழற்றுமுன் படம் எடுங்கள். திரைமேல் மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் வெள்ளை ஃபோம் ஷீட். பிறகு டி.வி.யின் வெளிச்சட்டம் நான்கு பக்கமும் தாங்கும்படி கெட்டி அட்டை. அந்த அட்டை திரையைத் தொடாமல் இருக்க, ஓரங்களில் மட்டும் ஃபோமை இரண்டாக மடித்து வையுங்கள். கயிறு திரைக்குக் குறுக்கே போகக் கூடாது. தூக்குகிறவர்கள் இருவரும் அடி மூலையையும் பக்கவாட்டையும் பிடிக்கட்டும், கட்டைவிரல் திரையில் பதியவேண்டாம். பயணம் முழுக்க நின்றபடியே. இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிறுத்துவது நல்ல யோசனை, மெத்தைகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டாதவரை.

எந்த உடையும் பொருளையும் வண்டியின் வால்பக்கம் ஏற்றாதீர்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் உள்ள பகுதிதான் பள்ளத்தில் அதிகம் தூக்கிப்போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுப்பட்ட இடத்தில் ஆட்டம் குறைவு. கிரைண்டர் கல், குத்துவிளக்கு, புத்தகம் எல்லாம் தரையில். கண்ணாடிப் பெட்டி அவற்றின்மேல், அதற்கும் மேலே தலையணை மூட்டை தவிர வேறெதுவும் கூடாது.

ஊறுகாய் ஜாடிகளை அப்படியே மூடி கட்டிக் கொண்டுபோகலாமா? மாவடு இப்போதுதான் போட்டேன்.
– வாசகி, திருநெல்வேலி

கூடாது. மாவடுத் தண்ணீர் தளும்பி மூடிவழியே கசியும், கசிந்தால் பெட்டியின் அடி ஊறிப் பிளக்கும், ஜாடி நேரே தரைக்கு வரும். மாவடுவை இறுக்கமான திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, வாளியில் நிறுத்தி, கையோடு கொண்டுபோங்கள். காலி ஜாடியைக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மூடியைத் தனியாகச் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மூடியோடு சுற்றினால் மேலிருந்து வரும் அழுத்தம் வாயோரத்தைப் பெயர்க்கும். உள்ளே துணி வைக்கலாம், திணிக்க வேண்டாம்.

பேக்கர்ஸே எல்லாம் கட்டிக்கொடுக்கிறார்கள். உடைந்தால் பணம் கொடுப்பார்களா?
– வாசகர், சென்னை

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் பொருளின் சொந்தக்காரரே பொறுப்பு என்று இருந்தால் கேட்டு வாங்குவது கடினம். இன்சூரன்ஸ் உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. யாருடைய பாலிசி, எவ்வளவு தொகைக்கு, எந்தெந்தப் பொருளுக்கு என்று தாளில் வாங்குங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பொதுவாக அவர்கள் பொறுப்பேற்பதில்லை. கொலு பொம்மை விஷயத்தில் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

பெட்டிகளுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணையும் ‘கண்ணாடி’ என்பதையும் பக்கங்களில் எழுதுங்கள், மேலே மட்டும் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. ஏற்றுகிறவர்கள் தமிழ் படிப்பார்கள் என்பது நிச்சயமில்லை, ஒரு கோப்பைப் படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் எல்லோருக்கும் புரியும். இறக்கும்போது நசுங்கிய பெட்டி இருந்தால் அவர்கள் எதிரிலேயே திறந்து, படம் எடுத்து, டெலிவரி தாளில் ‘பெட்டி எண் 14 நசுங்கியுள்ளது’ என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். பால் காய்ச்சும் அவசரத்தில் பெட்டிகளைப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த வருடக் கொலுவுக்குத் திறப்பவர்களுக்கு அந்த நாட்கள் கடந்துபோயிருக்கும்.