வளரும் மூளையில் என்கெஃபலினுக்கு என்ன வேலை? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். உடம்பு தானே சுரக்கும் ஓபியாய்டு பெப்டைடுகளைப் பற்றி, அதாவது அபின் போல வேலை செய்யும் சிறு புரதத் துண்டுகளைப் பற்றி, வந்த கேள்விகள் இவை. என்கெஃபலின் அவற்றில் ஒன்று.

அஸ்தம்பட்டி மாணவி: சார், என்கெஃபலின் வலியைக் குறைப்பதுதானே? மூளை வளர்ச்சியில் அதற்கு என்ன வேலை?

1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தபோது எல்லோர் கவனமும் வலியின் மேல்தான் இருந்தது. ஆனால் ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட அதன் ஒரு வகையான மெத்-என்கெஃபலின், செல் பெருகும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. இதற்கு, வலியைக் குறைக்கும் ஏற்பி (செல்லில் அது போய் ஒட்டும் புரதம்) அல்லாத வேறொரு ஏற்பி, செல்லின் உட்கருவை ஒட்டியே இருக்கிறது. மெத்-என்கெஃபலினும் இந்த ஏற்பியும் சேர்ந்ததும் பி16, பி21 என்ற தடுப்புப் புரதங்கள் கூடும். செல் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்குவது தள்ளிப்போகும். செல் சாவதில்லை, காத்திருக்கிறது.

நாகலூர் ஆசிரியர்: அந்தத் தடையை எடுத்துவிட்டால் மூளை பெரிதாகுமா?

எலிக்குட்டிகளில் ஆனது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜாகன், மெக்லாஃப்லின் என்ற ஆய்வாளர்கள் குட்டிகளுக்குத் தினமும் நால்ட்ரெக்ஸோன் என்ற, ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கும் மருந்தை ஊசி போட்டு, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிலோவுக்கு 50 மி.கி. போட்டால் ஏற்பிகள் நாள் முழுக்க அடைபடும். உடம்பும் மூளையும் எடை கூடின. 1 மி.கி. மட்டும் போட்டபோது வளர்ச்சி பின்தங்கியது! ஒரே மருந்துதான். சிறு அளவு சில மணி நேரமே தாங்கும். அது விலகியதும் மிச்ச நேரமெல்லாம் என்கெஃபலினின் பிடி முன்னைவிட இறுகிவிடுகிறது. ஆக, எத்தனை நேரம் அடைபடுகிறது என்பதுதான் முக்கியம். மூளை பெருத்தால் புத்தி கூடும் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆத்தூர் செவிலியர்: பிறந்த பிறகும் இது நடக்குமா?

நடக்கும். சிறுமூளையின் வெளி விளிம்பில் பெருகும் செல்களின் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. எலிக்கு அது மூன்று வாரத்தில் மறையும். மனிதக் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியும் இருக்கலாம். பிறந்து ஆறு நாளான எலிக்குட்டிக்கு மெத்-என்கெஃபலின் கொடுத்தால், அந்த அடுக்கில் டிஎன்ஏ உருவாவது குறைகிறது.

அம்மாப்பேட்டை சகோதரி: எனக்கு ஐந்தாம் மாதம். குருமாவில் கசகசா சேர்க்கலாமா? குழந்தை தூங்கக் கசகசாப் பால் கொடுக்கலாம் என்கிறார் அத்தை.

குருமாவுக்கு அரைக்கும் ஒரு ஸ்பூனுக்குப் பயப்படாதீர்கள்மா. கைக்குழந்தைக்குக் கசகசாப் பால் மட்டும் வேண்டவே வேண்டாம். விதை மேல் ஒட்டியிருக்கும் மார்ஃபின் என்ற ஓபியாய்டு மூச்சையே அடக்கிவிடலாம். அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். கோடீன் என்ற ஓபியாய்டு கலந்த இருமல் மருந்தையும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். டாக்டர் எழுதிய ஓபியாய்டு மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.