சேகரிக்க ஒன்று, சுட ஒன்று, இடுப்பில் வைக்க ஒன்று: பிஸ்டல் கேள்வி பதில்

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. லைசென்ஸும், வெளியே எடுத்துச் செல்லும் அனுமதியும் இடத்துக்கு இடம் மாறும். முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஒரு பிஸ்டல்தான் வாங்க முடியும். சேகரிப்புக்கும் ஆக வேண்டும், ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், சுடவும் வேண்டும், தற்காப்புக்குக் கூடவே வைத்துக்கொள்ளவும் வேண்டும். எதை வாங்கலாம்?

மூன்றுக்கும் ஒன்றையே தேடினால் மூன்றிலும் அரைகுறைதான் மிஞ்சும். சேகரிப்பில் மதிப்பு தருவது பழமையும் அசல் தன்மையும். சுடச் சுட அது தேயும். குறி தவறாமல் சுட எடையும் நீளமான பேரலும் (குழலும்) உதவும். நாள் முழுக்க இடுப்பில் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டுமே பாரம்.

முதல் பிஸ்டல் என்றால், சுடுவதற்கு ஏற்றதை வாங்குங்கள் என்பேன். க்ளாக் 19 போன்ற நடுத்தர அளவு 9 மி.மீ. போதும். பழகிய கை வந்த பிறகு, அடுத்தது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 1911 என்ற பழைய மாடலா, க்ளாக் 17-ஆ? நண்பர்களுக்குள் சண்டையே நடக்கிறது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911-ஐ அமெரிக்க ராணுவம் அந்த ஆண்டிலேயே ஏற்றது. 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வாகும் வரை அதுதான் அவர்களுடைய முதன்மை பிஸ்டல். முழுக்க எஃகு, .45 அங்குலத் தோட்டா, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில், பழையது என்றால், 7. காலியாகவே 1.1 கிலோ இருக்கும். க்ளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் தேர்ந்தெடுத்தது. பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம் பாலிமர் என்னும் கெட்டி பிளாஸ்டிக், மேகசினில் 17 தோட்டா, காலி எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு.

ட்ரிக்கரில்தான் உண்மையான வித்தியாசம். 1911-இன் ட்ரிக்கர் அச்சில் சுழலாமல் நேராகப் பின்னால் நகரும். தூரம் குறைவு, விடுபடும் இடம் துல்லியம். இலக்குப் போட்டிக்காரர்கள் இன்னும் அதை விடாததற்கு அதுதான் காரணம். க்ளாக் அவ்வளவு இதமாக இருக்காது, ஆனால் முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் ஒரே மாதிரி இழுப்பு. தனியாகத் தள்ள வேண்டிய சேஃப்டி லீவரும் வழக்கமான மாடல்களில் இல்லை. 1911-ஐக் கூடவே வைத்திருப்பவர்கள் ஹாமரை (பின்னால் உள்ள சுத்தியலை) ஏற்றி, சேஃப்டியைப் போட்டு வைப்பார்கள். எடுக்கும்போதே கட்டைவிரல் தானாக அதை இறக்கும் அளவுக்குப் பழகாதவருக்கு அது சரிவராது.

கழற்றும்போதும் இரண்டிலும் கவனம் வேண்டும். 1911-இல் பேரலின் முனையைப் பிடித்திருக்கும் வளையமான புஷ்ஷிங்கைத் திருப்பும்போது கீழே உள்ள ஸ்பிரிங் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் முகத்துக்கு நேரே தெறிக்கும். க்ளாக்கின் ஸ்லைடை, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியை, கழற்ற ட்ரிக்கரை இழுத்தே ஆக வேண்டும். ஆகவே மேகசினை எடுத்து, பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே கழற்றுங்கள்.

சுடும் சுகத்துக்கு 1911, கூடவே வைத்துக்கொள்ள க்ளாக். இதுதான் என் தீர்ப்பு.

கேள்வி: தாத்தா வழியில் லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று வந்திருக்கிறது. நிறம் மங்கிவிட்டது. புதிதாக நீலப்பூச்சு போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மறுபூச்சுக்கு முன் பாலிஷ் போடுவார்கள். அதில் விளிம்புகள் மழுங்கும், பொறித்த எண்களும் முத்திரைகளும் ஆழம் குறையும். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதே அவற்றைத்தான். போன மதிப்பு திரும்பாது.

லென்ஸை எடுத்துக்கொண்டு சிறு பாகங்களைப் பாருங்கள். ராணுவ லூகர்களில் பக்கத் தகடு, கழற்றுவதற்கான டேக்டவுன் லீவர் போன்றவற்றில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் அது நல்ல பொருள். மேகசின் எண்ணும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். 1930களின் நடுப்பகுதி வரை செய்தவற்றில் ட்ரிக்கர் உள்ளிட்ட சில பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் அவையும் நீலமாக இருந்தால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கலாம்.

அதை வைத்துச் சுடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எண் பொறித்த ஒரு பாகம் உடைந்தால் அந்தப் பொருத்தமே போய்விடும். பழைய தோல் உறை கூடவே வந்திருந்தால் தனியாக வையுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது தொடும் இடத்திலெல்லாம் துரு பூக்கும்.

கேள்வி: வால்தர் பிபிகே சின்னது, .380 தோட்டாவும் வழக்கமான 9 மி.மீ. தோட்டாவான பாராபெல்லத்தைவிட வலு குறைந்தது. ஆனாலும் கையை ஏன் அப்படி அடிக்கிறது?

1931-இல் வந்த பிபிகேயில் பேரல் அசையாது. ஸ்லைடைப் பூட்டி வைக்கும் அமைப்பும் இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் உதைப்பு ஒரே வெட்டாகக் கைக்கு வரும். ஸ்பிரிங்கும் கடினமாக இருக்கும், ஸ்லைடை இழுக்கவே சிலருக்குச் சிரமம். 9 மி.மீ. பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் பேரலும் ஸ்லைடும் பூட்டியபடி சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் போய்ப் பிறகுதான் பிரியும். உதைப்பு சற்றுப் பரவி வரும்.

2018-இல் வந்த சிக் பி365 அந்தச் சின்ன உடலிலேயே 9 மி.மீ. தோட்டா 10 கொள்கிறது. தற்காப்புக்கு இன்று பிபிகே வாங்கச் சொல்ல மாட்டேன். அழகுக்காகச் சேகரிக்க, தாராளமாக.

கேள்வி: 9 மி.மீ.-ஆ, .45-ஆ?

9 மி.மீ. தோட்டா மலிவு, உதைப்பு குறைவு, மேகசினில் கூடுதலாகப் பிடிக்கும். நிறையப் பயிற்சி செய்ய முடிகிற தோட்டாவே நல்ல தோட்டா. புதியவர் .22-இல் தொடங்கினால் இன்னும் நல்லது. காது, கண் பாதுகாப்பு .22-க்கும் வேண்டும்.

கேள்வி: செக் நாட்டு சிஇசட் 75 பிஸ்டல் குறி தவறாது என்கிறார்களே, என்ன விசேஷம்?

அதில் ஸ்லைடு அடிச்சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது, அதனால் ஆட்டம் குறைவு என்பார்கள். சுவிஸ் ராணுவம் 1949-இல் ஏற்ற சிக் பி210-இலும் இதே ஏற்பாடு. பிடியும் கைக்கு அப்படியே அமரும். ஆனால் பிடித்து இழுக்க ஸ்லைடில் இடம் குறைவு. கை வியர்த்தால் வழுக்கும்.

கேள்வி: பழைய சோவியத் பிஸ்டலான டோகரெவ் டிடி-33-ஐக் கூடவே வைத்திருக்கலாமா?

அறையில் தோட்டாவோடு வேண்டாம். அசல் மாடலில் தனி சேஃப்டி லீவர் கிடையாது, ஹாமரைப் பாதி தூரம் ஏற்றி நிறுத்தும் அரைநிலை மட்டுமே. கீழே விழுந்தால் வெடிக்காது என்று நம்ப முடியாது. எடுத்துச் செல்வதற்கு, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பூட்டு உள்ளதாகப் பாருங்கள். ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரும் (உறையும்) கட்டாயம். வீட்டில் இருக்கும்போது எந்தப் பிஸ்டலும் பூட்டிய பெட்டிக்குள்தான்.

கேள்வி: அதே டோகரெவில் பழைய ராணுவத் தோட்டா சுட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்தும் மறுநாளே பேரலில் துரு. ஏன்?

அந்தத் தோட்டாக்கள் பலவற்றின் ப்ரைமரில், அதாவது அடியில் உள்ள தீமூட்டும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகப் பேரலில் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே பேரலைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கடைசியாக எண்ணெய் போடுங்கள். ஸ்லைடின் முகப்பையும் மறக்க வேண்டாம், உப்பு அங்கேயும் படியும்.