ஊமை கிடாரும் துவைக்காத ஸ்வெட்டரும்

கேள்வி: மகன் வேலை பார்க்கும் சியாட்டில் நகரத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்க ராக் கிடார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்த வெள்ளை கிடார் அங்கே பாப் கல்ச்சர் மியூசியத்தில் இருக்கிறது என்று அடம்பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஐ.சி.எஃப்.பில் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் பர்மா பஜாரில் அவர் கேசட் வாங்கியவன் நான். கிடார் முன்னால் நின்றால் ஒன்றுமே தோன்றவில்லை சார். எனக்கு வயசாகிவிட்டதா, இல்லை நான் ரசிகனே இல்லையா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

பதில்: வயசும் காரணமில்லை, ரசனையும் எங்கேயும் போய்விடவில்லை. நீங்கள் பார்த்தது பாதி வாத்தியம் சார். வீணைக்குக் குடம் இருக்கிறது, தட்டினாலே பேசும். எலெக்ட்ரிக் கிடாரோ கட்டை மரம், கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும், கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் கிளம்பும், அது வயர் வழியாகப் போய் ஆம்ப்ளிஃபயரில் பெரிதானால்தான் உங்களுக்கும் எனக்கும் காதில் விழும். உட்ஸ்டாக்கில் ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் ஒலியை வளைத்துக் கரகரப்பாக்கும் வா-வா பெடல், ஃபஸ் பெடல் எல்லாம் கிடந்தன, முதுகுக்குப் பின்னால் மார்ஷல் கம்பெனி ஆம்ப்ளிஃபயர்கள். அந்த அலறலில் அவற்றுக்கும் சரிபங்கு உண்டு. அதையெல்லாம் பிரித்துவிட்டு மரத்தை மட்டும் கண்ணாடிக்குள் நிறுத்தினால் அது ஊமையாகத்தான் நிற்கும்.

ஆனால் ஊமை வாத்தியத்திலும் பார்க்க விஷயம் இருக்கிறது, அதை அவசரத்தில் விட்டுவிட்டீர்களோ என்று சந்தேகம். ஹெண்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குச் செய்த கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மறுபடி வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். அதனால் கீழே இருக்க வேண்டிய குமிழ்கள் மேலே, அவர் முன்கைக்கு அடியில் வந்துவிட்டன. தலைப்பக்கத்தில் மேல்நோக்கி நிற்க வேண்டிய ஆறு முறுக்காணிகளும் கீழே பார்த்துத் தொங்கும். வாசிக்கும்போது சும்மா கை அசைந்தாலே ஒலி கூடிக் குறையக்கூடிய இடத்தில் குமிழை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படி வாசித்திருக்கிறார்! அதுவும் ஞாயிறு ராத்திரி ஏற வேண்டிய மேடை தள்ளிப்போய், 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலையில், கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போன பிறகு.

எனக்கும் மியூசியத்தில் கிடார் பார்த்து உடம்பு சிலிர்த்ததில்லை. சிலிர்த்தது லண்டனில், புரூக் தெருவில், 23ஆம் எண் மாடியில். 1968, 69இல் ஹெண்ட்ரிக்ஸ் காதலியோடு குடியிருந்த இடம். பக்கத்து வீடு 25ஆம் எண், அதில் 1723இலிருந்து சாகும்வரை இருந்தவர் மேற்கத்திய செவ்விசை மேதை ஹாண்டல். இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே மியூசியமாக்கி, ஹெண்ட்ரிக்ஸ் படுக்கையறையைப் பழைய போட்டோக்களைப் பார்த்து அப்படியே அமைத்திருக்கிறார்கள். கட்டில், திரைச்சீலை, ஆஷ்ட்ரே எல்லாம் பின்னால் தேடிப்பிடித்து வைத்தவைதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஜன்னல் அசல், தெரு அசல். மேடையில் கிடாருக்குத் தீ வைத்த ஆள், கடைக்குப் போய் ஜன்னல் திரைக்குத் துணி பார்த்து வாங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது. என் கூட வந்த தம்பி, "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றான். சரி, அவனவன் பாடு.

அடுத்த முறை போனால் காதில் ஹெட்போனோடு போங்கள். அந்தக் காலை வாசித்ததன் பதிவு கிடைக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று முழுசாகக் கேளுங்கள். செக்யூரிட்டி முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் போட்ட பழைய ஸ்வெட்டரைத் துவைக்காமலே லட்சக்கணக்கில் விற்றார்களாமே, உண்மையா?
(கல்லூரி மாணவி, வண்ணாரப்பேட்டை)

பதில்: கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்துக் கொடுத்ததால் பெயர் வாங்கிய பேட்டையிலிருந்து வர வேண்டிய கேள்விதானம்மா! உண்மைதான். 2019இல் ஏலம், 3,34,000 டாலர், சிகரெட் சுட்ட ஓட்டை உட்பட. எம்.டி.வி.யின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சியில் அவர் போட்டிருந்த ஸ்வெட்டர் அது. அதே நிகழ்ச்சியில் அவர் வாசித்த மார்ட்டின் கம்பெனி கிடார் அடுத்த வருஷ ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. துவைத்திருந்தால் ஸ்வெட்டர் அத்தனை விலை போயிருக்காது. உன் அண்ணன் ஜீன்ஸைத் துவைக்காமல் வைத்திருப்பதற்கு இதைக் காரணமாகச் சொன்னால் நம்பாதே.

கேள்வி: வடசென்னை இசைக்கு ஒரு மியூசியம் வந்தால் என்ன வைப்பீர்கள்?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: வந்தால் நன்றாக இருக்கும், வராது. வந்தால் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பேன். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, கானா பாடுகிறவர்கள் கைலி மடிப்பிலோ சட்டைப் பையிலோ சொருகிக்கொண்டு போவது. சாவு வீட்டில் ராத்திரி பூரா பாட வேண்டும், செத்தவர் பெயரும் தெருவும் ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் ஒரு வரியை அடித்து அதற்கு மேலே இன்னொன்று, அதையும் அடித்து ஓரத்தில் ஒன்று. பக்கம் முழுக்க மையும் டீக்கறையும். அப்புறம் சட்டி மேளம் ஒன்று, தோல் கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதைக் காய்ச்ச எரித்த பேப்பர் சாம்பலோடு வேண்டும். பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பரணில் கிடக்கும் கிடார்களையும் கேட்டுப் பார்ப்பேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் டான்ஸ் ராத்திரிகளுக்கு வாசித்த கைகள் இன்னும் சில இருக்கின்றன.

கண்ணாடிப் பெட்டி மட்டும் வேண்டாம். மேளத்தை வருகிறவர் தட்டிப் பார்க்கட்டும், கிழிந்தால் புதுத் தோல் போட்டுக்கொள்ளலாம்.