கேள்வி பதில்: பொடக்காளி முருங்கை

போன மாதம் இந்தப் பக்கத்தில், "தினப்படி வாழ்க்கையில் சாமி நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு எனக்கு எத்தனையோ அடையாளம் கிடைத்திருக்கிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம். ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கம்மா எதற்கெடுத்தாலும் "சாமி காமிச்சது" என்பார். பஸ் தவறி, அடுத்த பஸ்ஸில் சொந்தக்காரரைப் பார்த்தால் சாமி. கரன்ட் போவதற்குள் மாவு ஆட்டி முடித்தால் சாமி. நான் இன்ஜினீயரிங் படித்தவன். இதெல்லாம் தற்செயல்தானே?
– வாசகர், பல்லடம்

தற்செயலாகவே இருக்கட்டும் தம்பி. அதற்காக அம்மாவிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம்.

நான் படித்தது எட்டாவது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள். அதை வைத்துத்தான் எனக்கு எதையும் பேசத் தெரியும். டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரிப்போம். ஒரு கையை உள்ளே விட்டு, கழுத்துப் பட்டி, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று ஒரு சுற்று வருவோம். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ பட்டால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்த பீஸ். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இதே வேலை.

வருடக்கணக்கில் இப்படியே நின்றால் கண் அதற்கே பழகிவிடும். என் மகன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சேலை எடுத்துவந்து நீட்டினான். என் கை தானாகப் போய்க் கரையில் நூல் இழுத்திருக்கிறதா என்று தடவியது. ஓரத்தில் ஒரு இழை இழுத்திருந்ததைச் சொல்லியும்விட்டேன். அவன் முகம் வாடினதை அதற்கப்புறம்தான் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒழுங்காக விழுந்த தையலுக்கு ஒட்ட எங்கள் டேபிளில் ஸ்டிக்கரே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் அம்மா யாரும் சொல்லித் தராமலே அந்த ஸ்டிக்கரை ஒட்டப் பழகியிருக்கிறார். பெரிய விஷயம் தம்பி அது.

மாவு ஆட்டுகிற இடத்தில் சாமிக்கு என்ன வேலை என்று நினைத்தால் ஒருமுறை பேரூருக்குப் போய் வாருங்கள். சுந்தரர் தேடிக்கொண்டு வந்தபோது, அங்கே குடியிருக்கிற சிவன், பட்டீசுவரர், கோயிலில் இல்லை. அம்மனோடு வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பது தலவரலாறு. இருக்கிற இடத்தைக் கண் ஜாடையாகக் காட்டிக்கொடுத்த நந்திக்கு மண்வெட்டியால் அடிகூட விழுந்தது. இன்றைக்கும் ஆனி மாதம் அங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சேற்றில் நிற்கிற சாமியைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம்.

மகளுக்கு ஒரு வரன். குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளை வந்தால் சம்மதம் என்று நினைத்தோம், சிவப்பு வந்துவிட்டது. பையன் நல்ல பையன், விடவும் மனசில்லை. சாமி வேண்டாம் என்கிறதா?
– வாசகி, தாராபுரம்

அம்மிணி, பூக் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் நோம்பியில் தீர்த்தம் தெளித்துவிட்டு, கிடாய் சம்மதம் என்று உடம்பைத் துளுக்குமா துளுக்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் பூ, நாம் கேட்கிற கேள்வி. நம்முடைய அவசரமும் பயமும் அதில் பாதி இருக்கும். நான் அடையாளம் என்று சொல்வது கேட்காமல் வருவதை.

உங்களுக்குச் சிவன்மலை முருகன் கோயில் பக்கம்தான். அங்கே மூலவருக்கு முன்மண்டபத்தில் கண்ணாடி போட்ட ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து சொன்னால், சாமியிடம் பூக் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வருகிற வரைக்கும் அதுவே இருக்கும். மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஏறுமா இறங்குமா என்று ஊரே கணக்குப் போடும். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடுவதில்லை. மண், தண்ணீர், மஞ்சள், தேங்காய் என்று நம் வீட்டு அடுக்களையிலும் வாசலிலும் கிடக்கிற சாமான்தானே பெரும்பாலும் அதற்குள் இருந்திருக்கிறது என்றுதான் அங்கே நின்று நினைத்துக்கொள்வேன். தினமும் கையில் புழங்குவதைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்கேற்றினால்தான் அதை உற்றுப் பார்க்கிறோம்.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். பையன் வேலை பார்க்கிற இடத்தில் விசாரியுங்கள். அந்த வீட்டுப் பெண்கள் சிரித்துப் பேசுகிறார்களா, அடங்கி நிற்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட அதில் இல்லையே. முதலில் அவளிடம் கேளுங்கள் அம்மிணி. அவள் வாயிலிருந்து வருவது பூவைவிடப் பெரிய வாக்கு.

தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரிதான் வெளியே. சாமியை நினைக்கவே நேரமில்லை. எனக்கெல்லாம் அடையாளம் தெரியுமா?
– வாசகி, திருப்பூர்

கொடுமுடியில் சுந்தரர், "நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருக்கும்" என்று பாடினார். மறதியையும் சேர்த்தே சாமியிடம் சொல்லி வைத்துவிட்டார். நீங்களும் சொல்லி வையுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்குகிறபோது ஒருதரம் நினைத்தால் போதும்.

என் தம்பி போன வருடம் பைக் விபத்தில் போய்விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். "சாமிதான் காப்பாத்துச்சு" என்று அவர்கள் வீட்டில் கிடா வெட்டினார்கள். அப்படியென்றால் என் தம்பியை அந்தச் சாமி பார்க்கவில்லையா?
– வாசகி, கோபி

கண்ணு, இந்தக் கடிதத்தை நாலு நாள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். என்னிடம் பதில் இல்லை. விதி, முன்வினை என்று யாராவது பதில் சொன்னால் காதில் வாங்காதே.

அந்த நண்பன் வீட்டுக்காரர்களின் நன்றி உண்மையானதுதான். ஆனால் துக்க வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அதைச் செய்திருக்கக் கூடாது. தப்பித்ததை அடையாளம் என்று எண்ணுவதை நானே நிறுத்திப் பல வருடமாகிறது. ஒருத்தன் பிழைத்தது சாமி பார்த்ததால் என்று சொன்னால், இன்னொருத்தன் போனது பார்க்காததால் என்று ஆகிவிடும். அதற்கு என் வாயால் ஆமாம் போட மாட்டேன். நான் பார்ப்பதெல்லாம், அந்த நேரத்தில் யார் கூட இருந்தார்கள் என்பதைத்தான். உங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்காத அந்த நாட்களில் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தது யார்? ராத்திரி உன் அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தது யார்? இப்போதே யோசிக்க வேண்டியதில்லை. முடிகிறபோது யோசி.

கோபம் இருந்தால் கோயிலுக்குப் போகாமல் இருக்காதே. கோபத்தோடு போ. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையெல்லாம் வழியில் பறிகொடுத்துவிட்டு, திருமுருகன்பூண்டியில் நின்று சுந்தரர் சாமியைப் பார்த்து, "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று கேட்டார். திருடர்கள் அடித்துப் பிடுங்குகிற ஊரில் எதுக்கு உட்கார்ந்திருக்கிறீர் என்று அர்த்தம். சாமி முகத்துக்கு நேரே கேட்ட அந்தக் கேள்வியைத்தான் தேவாரம் என்று இன்றைக்கும் அந்தச் சந்நிதியில் பாடுகிறோம். அவருக்குப் பொன் திரும்பக் கிடைத்தது. உன் தம்பி திரும்ப வரமாட்டான். அதனால் அந்தக் கதையின் மிச்சத்தை உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொள். நானும் உன் தம்பிக்காக ஒரு விளக்குப் போடுகிறேன்.

பொதுவாக எழுதாமல், உங்கள் வாழ்க்கையில் கண்ட ஒன்றைச் சொல்லுங்களேன் அம்மா.
– வாசகர், சென்னிமலை

சொல்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடின. 700க்கும் மேல் பட்டறைகள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்ததும் ஒரு பட்டறையில்தான். சாயம் போட ஆளில்லாமல் துணி வரத்துக் குறைந்ததும் எங்கள் கம்பெனியிலும் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். உத்தரவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நொய்யலை நாங்கள் கெடுத்தது உண்மை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயத்தண்ணியால் காடு பாழான விவசாயிகளுக்கு, அன்றைக்குத்தான் சாமி கண்ணைத் திறந்த நாள். எங்கள் வீட்டில் அரிசிப் பானையைச் சுரண்டின நாளும் அதேதான். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு பிள்ளைகள். லைன் வீட்டில் வாடகை பாக்கி. பாலை நிறுத்திவிட்டேன். அடுத்த வீதியில் எருமை வைத்திருந்த ஒரு பெரியம்மா. ஒருநாள் பொழுதோட வந்து வாசலில் நின்றார்.

"ஏனம்மிணி, உங்க மரத்துல ஒரு புடி முருங்கத்தழை ஒடிச்சுக்கட்டுமா? எம்மருமவளுக்கு ரத்தம் பத்தாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

"ஒடிச்சுக்கங்க பெரியம்மா, இதுக்குப் போயி கேக்கோணுமா?"

தழையை மடியில் கட்டிக்கொண்டு, திண்ணையில் வைத்திருந்த சொம்பை என் பக்கம் நகர்த்தினார். அரை லிட்டருக்குக் குறையாத எருமைப் பால். "வெறுங்கையோட தழை வாங்கப்படாது சாமி, இந்தா." பித்தளைச் சொம்பு, வாயோரம் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். காய்ச்சி ஊற்றிவிட்டுக் கழுவிக் கொடுப்பேன். மறுநாளும் வந்தார். நாலு மாதம், ஒருநாள் தவறாமல் தழைக்கு வந்தார். சின்னவள் மேலுதட்டில் ஆடை ஒட்ட அந்தப் பாலைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். எங்களுக்கு வேலை சரியானதும் அவர் வருவது குறைந்து நின்றுபோனது. மருமகளுக்கு உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்துப் பெரியம்மா இறந்துபோனார். அதுவரைக்கும் அவர் வீட்டு வாசலோடு பேசிவிட்டு வந்திருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. கருமாதி அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால்தான் அடங்கும், அப்படி அடிமரம். கிளையெல்லாம் தழை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வெச்சதுங்க?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"எங்க மாமனார் வெச்சதுங்க்கா. நான் கட்டிட்டு வந்தப்பவே இத்தாம் பெருசா இருந்துச்சு."

"உனக்கு அப்போ ரத்தம் பத்தாம இருந்துச்சே, இப்பப் பரவாயில்லையா?"

"எனக்கா? எப்பங்க்கா?"

தொட்டி விளிம்பில் வாய் நசுங்கின அந்தச் சொம்பு இருந்தது. மொண்டு கையைக் கழுவினேன். இன்னொரு சொம்பு மொண்டு மரத்தடியில் ஊற்றிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.